வீடியோ கேம் வகைகள்: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பம்பலப்பிட்டியில் கணினிச் சாமான் விற்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று நாலா பக்கமிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வருவார்கள். பிள்ளை ஒரு கேமின் பெயரைச் சொல்லும். தாய் தகப்பனுக்கு அது என்னவென்று தெரியாது. "எல்லாம் சுடுற கேம்தானே தம்பி?" என்பார்கள். இல்லை, எல்லாம் சுடுகிற கேம் இல்லை. அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லாமே கேம்தானே, எதற்கு வகை பிரிக்க வேண்டும்?

படத்தைக் கதையை வைத்துப் பிரிக்கிறோம்: குடும்பப் படம், பேய்ப்படம், சண்டைப்படம். கேமை அப்படிப் பிரிப்பதில்லை. ஆடுகிறவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் பிரிக்கிறோம். போர் என்ற ஒரே கருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேமில் நீங்கள் ஒற்றைச் சிப்பாய், துப்பாக்கியைப் பிடித்து ஓடுகிறீர்கள். இன்னொன்றில் நீங்கள் தளபதி, மேலேயிருந்து நிலத்தைப் பார்த்து எந்தப் படை எங்கே போக வேண்டும் என்று கட்டளையிடுகிறீர்கள். கரு ஒன்று, ஆனால் முதலாவதற்குக் கண்ணும் கையும் வேகமாக வேண்டும், இரண்டாவதற்குத் திட்டம் வேண்டும். முதலாவதை விரும்பும் பிள்ளைக்கு இரண்டாவதை வாங்கிக் கொடுத்தால் அது மூலையில்தான் கிடக்கும்.

வகை தெரிந்தால் இன்னும் சில விடயங்களும் கூடவே தெரியும். இடையில் நிறுத்தலாமா, இணையம் வேண்டுமா, முன்பின் தெரியாதவர்களோடு பேச வேண்டி வருமா, எவ்வளவு விலையில் கணினி வேண்டும் என்பதெல்லாம் வகையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இந்த வகைகள் எங்கே தொடங்கின?

1958 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர், அலைகாட்டித் திரையில் ஆடும் ஒரு டென்னிஸ் விளையாட்டைப் பார்வையாளர்களுக்காகச் செய்தார். 1962 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் 'ஸ்பேஸ்வார்' என்ற கேமைச் செய்தார்கள். ஆக, டென்னிஸ், கிரிக்கெட் மாதிரியான ஸ்போர்ட்ஸ் கேம், சுடும் கேம் இரண்டுக்கும் வேர் அங்கேயே இருக்கிறது. கடைக்குப் போய் இயந்திரத்தில் காசு போட்டு ஆடும் பழக்கத்தைப் பரப்பியது 1972 இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்'.

ஜப்பானில் இருந்து 1978 இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. எதிரிகளைச் சுட்டுக் குறைக்கக் குறைக்க மிச்சம் இருப்பவை வேகமாக இறங்கி வரும். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு, வரைய வேண்டிய உருவம் குறைந்ததும் வேலை லேசாகி வேகம் கூடியது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டதால்தான் ஆடுகிறவருக்கு அந்தப் பதற்றம் கிடைத்தது. போகப் போகக் கடினமாகும் கேம் என்ற எண்ணம் பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

1980 இல் வந்த 'பேக்மேன்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துரத்தும் நான்கு பேய்களும் ஒரே மாதிரி ஓடுவதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். சிவப்பு நேராக உங்களைத் துரத்தும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகும் திசையில் நாலு கட்டம் தள்ளிக் குறிவைத்து முன்னால் வந்து மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் கணக்கில் எடுக்கும். ஆரஞ்சு தூரத்தில் இருந்து துரத்தி வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இவ்வளவு எளிய நாலு விதிகளில் நான்கு குணங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். கேம் வடிவமைப்பு படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மாரியோ எந்த வகை?

பிளாட்ஃபார்ம் கேம். ஓடுவது, பாய்வது, விழாமல் தப்புவது. 1981 இல் 'டொங்கி கொங்', 1985 இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்', இரண்டையும் செய்ததில் முக்கியமானவர் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஷிகெரு மியமோட்டோ. போனில் முடிவே இல்லாமல் ஓடும் 'டெம்பிள் ரன்', 'சப்வே சர்ஃபர்ஸ்' ஆகியவை இதன் வழிவந்தவை. சின்னப் பிள்ளைகளுக்குத் தொடங்க நல்ல வகை. தோற்றால் சில நொடியில் திரும்பத் தொடங்கலாம், ஒருவரோடும் பேசத் தேவையில்லை.

அண்ணா, பப்ஜி, ஃப்ரீ ஃபயர், கவுண்டர் ஸ்ட்ரைக் எல்லாத்திலும் சுடுறதுதானே, என்ன வித்தியாசம்?

நிறைய வித்தியாசம். சுடும் கேமில் முதல் பிரிவு, கமரா எங்கே இருக்கிறது என்பது. ஆடுகிறவரின் கண்ணாலேயே பார்த்தால் அது எஃப்.பி.எஸ்., அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தால் டி.பி.எஸ். எஃப்.பி.எஸ். வகைக்கு உருவம் கொடுத்தவை இட் சொஃப்ட்வெயார் நிறுவனத்தின் 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' (1992), 'டூம்' (1993). டூமில்தான் பல கணினிகளை இணைத்து ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவது பெரும் மோகமானது.

'கவுண்டர் ஸ்ட்ரைக்' 1999 இல், 'ஹாஃப் லைஃப்' என்ற கேமை ரசிகர்கள் மாற்றிச் செய்ததாகப் பிறந்தது. ஐந்துக்கு ஐந்து பேர். ஒரு சுற்று ஓரிரு நிமிடம்தான். செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு அடியும் நிதானமாக வைக்க வேண்டும். எந்த மூலையில் எவர் நிற்பார், கையில் இருக்கும் காசுக்கு இந்தச் சுற்றில் துப்பாக்கி வாங்குவதா, அடுத்த சுற்றுக்கு மிச்சம் பிடிப்பதா என்று ஐந்து பேரும் கதைத்து முடிவெடுப்பார்கள். கேட்பவருக்குச் சத்தமாக இருக்கும். உள்ளே நடப்பது கணக்கு.

பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் பாட்டில் ரோயல் என்ற கிளை. பெரிய தீவில் வெறுங்கையோடு இறங்கி, கிடைத்த ஆயுதத்தைப் பொறுக்கி, கடைசியாக உயிரோடு நிற்பவர் வெற்றி. பப்ஜியில் 100 பேர், ஃப்ரீ ஃபயரில் 50 பேர். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே நின்றால் உயிர் குறையும். அந்த வட்டம் இல்லாவிட்டால் எல்லோரும் ஆளுக்கொரு வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு இருப்பார்கள், கேம் முடியவே முடியாது. 2017 இல்தான் இந்த இரண்டும் வந்தன, 'ஃபோர்ட்நைட்'டின் பாட்டில் ரோயல் ஆட்டமும் அதே வருடம்தான். பப்ஜியின் போன் பதிப்பு 2018 இல் வந்தது. ஃப்ரீ ஃபயர் சாதாரண விலை போனிலும் ஓடும், ஒரு ஆட்டம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அது இவ்வளவு பரவியதற்கு இந்த இரண்டுமே முக்கிய காரணம் என்பேன்.

'சாப்பிட வா' என்று கூப்பிட்டால் 'இப்ப நிறுத்த ஏலாது' என்கிறான். பொய் சொல்கிறானா?

பெரும்பாலும் பொய் இல்லை. வகையைப் பாருங்கள். தனியாக ஆடும் கதை கேம், கிரிக்கெட், நகரம் கட்டும் கேம் என்றால் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தலாம், அந்த நிமிடமே வரலாம். பாட்டில் ரோயல், மோபா, ஐந்துக்கு ஐந்து சுடும் கேம் எல்லாம் ஒன்லைனில் உயிருள்ள மனிதர்களோடு ஆடுபவை. அவற்றில் நிறுத்தும் பொத்தானே கிடையாது. இடையில் எழும்பிப் போனால் கூட ஆடும் நாலு பேரும் தோற்பார்கள். அடிக்கடி போனால் பிள்ளையின் கேம் அக்கவுண்டுக்குத் தண்டனையும் விழும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: நேரக் கட்டுப்பாட்டை மணிக்கூட்டில் வைக்காமல் ஆட்டத்தில் வையுங்கள். "எட்டு மணிக்கு எழும்பு" என்பதற்குப் பதில் "ஏழரைக்குப் பிறகு புது ஆட்டம் தொடங்காதே" என்று சொல்லுங்கள். ஃப்ரீ ஃபயர் ஆட்டம் சுமார் பத்து நிமிடம். பப்ஜி கடைசி வரை போனால் அரை மணித்தியாலம். மோபா ஒன்று அரை மணியில் முடியலாம், முக்கால் மணியும் போகலாம். இந்தக் கணக்கு தெரிந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். சண்டைக்குக் காரணம் பிள்ளையின் பிடிவாதம் மட்டும் இல்லை, அந்த வகையின் அமைப்பும்தான்.

சரி, மோபா என்றால் என்ன?

ஐந்து பேர் கொண்ட இரண்டு அணி, இரண்டு பக்கமும் ஒரு கோட்டை, நடுவில் மூன்று பாதை. எதிரியின் கோட்டையை உடைத்தால் வெற்றி. 'வோர்கிராஃப்ட் 3' கேமுக்கு ரசிகர்கள் செய்த 'டோட்டா' என்ற வரைபடத்தில் இருந்துதான் இது வளர்ந்தது. 'லீக் ஒஃப் லெஜண்ட்ஸ்' 2009, 'டோட்டா 2' 2013, போனில் 'மொபைல் லெஜண்ட்ஸ்' 2016. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள், ஒவ்வொருவருக்கும் தனித் திறமை. கற்றுக்கொள்ள மாதக்கணக்கு எடுக்கும். தோற்றால் கூட்டாளிகளிடம் ஏச்சு வாங்கும் வகையும் இதுதான். சின்னப் பிள்ளை ஆடினால் பேசும் வசதியை அடைத்து வையுங்கள்.

தெருச் சண்டை கேம்கள் பழைய காலத்து ஆட்டம்தானே?

ஃபைட்டிங் கேமைச் சொல்கிறீர்கள். 1991 இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2', 1992 இல் 'மோர்டல் கொம்பட்', 1994 இல் 'டெக்கன்'. மூன்று தொடரும் இன்றைக்கும் புதிதாக வந்துகொண்டிருக்கின்றன. இருவர் நேருக்கு நேர், ஒரு நிமிடம், வேறு ஒருவர் மேலும் பழி போட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த வகை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இல் ஒரு அடி விழுந்து எதிரி தடுமாறும் நொடிக்குள் அடுத்த அடியைச் சேர்த்தால் அவரால் தடுக்க முடியாது. கேம் தயாராகும்போது தற்செயலாகத் தென்பட்டதை, யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆடுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுக்கடுக்காக அடிக்கும் அந்தக் கொம்போதான் பின்னால் இந்த வகைக்கே உயிரானது. மூத்த பெடியன்கள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டுவது போலத் தெரியும். பக்கத்தில் நின்று விரலைப் பாருங்கள், ஒவ்வொரு தட்டும் எண்ணி வைத்தது.

ஆர்.பி.ஜி. என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

ரோல் பிளேயிங் கேம் என்பதன் சுருக்கம். நீங்கள் ஒரு பாத்திரமாக மாறி, அந்தப் பாத்திரத்தை வளர்க்கிறீர்கள். சண்டையில் வென்றால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் அடுத்த படி, அடுத்த படியில் புதுத் திறமை. 1974 இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில் கடதாசியும் தாயக்கட்டையும் வைத்துச் செய்ததைத்தான் கணினி எடுத்துக்கொண்டது. ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' (1986), 'ஃபைனல் ஃபேண்டசி' (1987), 'பொக்கிமொன்' (1996) என்று ஒரு மரபு. கதை பெரும்பாலும் முன்பே எழுதப்பட்டிருக்கும், சண்டை முறைவைத்து நடக்கும். மேற்கில் 'அல்டிமா'வில் தொடங்கி 'விட்சர் 3' (2015) வரை வந்த மரபில் நீங்கள் எடுக்கும் முடிவு கதையைத் திருப்பும்.

வாசிக்கப் பிடித்த பிள்ளைக்கு இது நல்ல வகை. திரையில் ஓடுவதெல்லாம் ஆங்கில வசனம் என்பதால், தமிழ் மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளைகள் சிலர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு கேம் முடிய ஐம்பது, நூறு மணித்தியாலம் போகும். ஆனால் இடையில் சேமித்துவிட்டு எழும்பலாம் என்பது பெரிய வசதி. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஒன்லைனில் ஆடும் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' (2004) போன்றவை மட்டும் வேறு கதை. அவற்றுக்கு முடிவே இல்லை.

ஸ்ட்ராடஜி கேமில் தமிழர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. ஸ்ட்ராடஜி என்பது நான் முதலில் சொன்ன தளபதி வகை, திட்டம் போட்டுப் படையை நடத்துவது. அதில் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' என்ற கேம் 1999 இல் வந்தது. அதன் புதுப்பிக்கப்பட்ட பதிப்புக்கு 2022 இல் இந்தியாவை மையமாக வைத்து ஒரு விரிவாக்கம் விட்டார்கள். அதில் திராவிடர் ஒரு தனி நாகரிகம். சுருள்வாள் வீசும் வீரர்கள், யானைப்படை, 'திரிசடை' என்ற பெரிய போர்க்கப்பல் எல்லாம் உண்டு. அவர்களுடைய கதைப் பகுதியின் நாயகன் ராஜேந்திர சோழன். ஐரோப்பிய வீரர்களையும் மங்கோலியரையும் நகர்த்தியே பழகிய எங்கள் பிள்ளைகள், கடல் கடந்த சோழப் படையை நகர்த்தும்போது முகத்தில் வரும் சந்தோஷத்தைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ராடஜியில் இரண்டு கிளை. ஒன்று நிகழ்நேரம்: எதிரி காத்திருக்க மாட்டான், நீங்கள் மரம் வெட்டிக்கொண்டு இருக்கும்போதே வாசலில் படை வந்து நிற்கும். 'டூன் 2' (1992) இதற்கு வடிவம் கொடுத்தது, பிறகு வோர்கிராஃப்ட், ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ், ஸ்டார்கிராஃப்ட். தென் கொரியாவில் ஸ்டார்கிராஃப்டைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் போட்டு, ஆடுகிறவர்களை நட்சத்திரங்களாக்கினார்கள். மற்றது முறைவைத்து ஆடுவது, சதுரங்கம் போல. சிட் மையர் 1991 இல் செய்த 'சிவிலைசேஷன்' இதில் பெரிய பெயர். கிறிஸ்துவுக்கு முன் 4000 இல் ஒரு சின்னக் குடியிருப்போடு தொடங்கி விண்வெளி வரை போகலாம். சரித்திர பாடம் பிடிக்காத பிள்ளைகூட இதை ஆடிவிட்டு, நதிக்கரையில் ஏன் ஊர் வந்தது என்று கேட்கும்.

இந்த வகைக்குப் போன் சரிவராது. மவுஸ் வேண்டும்.

சிமுலேஷன் என்பது விமானம் ஓட்டுவது மட்டுமா?

இல்லை. நிஜ உலகத்தில் உள்ள ஏதோ ஒரு வேலையை அதன் விதிகளோடு செய்து பார்ப்பது. 1989 இல் வந்த 'சிம்சிட்டி'யில் நகரம் கட்டலாம், 2000 இல் வந்த 'சிம்ஸ்'ஸில் குடும்பம் நடத்தலாம். பஸ், லொறி, கமம் என்று இப்போது எல்லாவற்றுக்கும் உண்டு. மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982 இல் இருந்து வருகிறது. 2020 பதிப்பில் செய்மதிப் படத்தை வைத்து முழு உலகத்தையும் போட்டிருக்கிறார்கள், கட்டுநாயக்கவில் எழும்பிக் கரையோரமாகக் கொழும்புக்கு மேலே பறக்கலாம். ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் தாராளமான இணையமும் வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை.

கிரிக்கெட் கேம் ஒன்று சொல்லுங்கள், பழைய கணினிதான் இருக்கிறது.

'கிரிக்கெட் 07'. ஈ.ஏ. நிறுவனம் 2006 கடைசியில் வெளியிட்டது. அதற்குப் பிறகு கணினிக்கு அவர்கள் கிரிக்கெட் கேமே செய்யவில்லை. ஆனாலும் தெற்காசியா முழுக்க ரசிகர்கள் புது அணி, புதுச் சட்டை, புது மைதானம் என்று தாங்களே செய்து சேர்த்து அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். எந்தப் பழைய கணினியிலும் ஓடும். பந்து எங்கே குத்தும் என்பதை ஒரு வட்டம் காட்டும். காலை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா, எந்தப் பக்கம் அடிப்பது என்று முடிவெடுத்து, சரியான நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் பந்து மேலே போகும். இரண்டு பேர் ஒரே கீபோர்டில் இடித்துப் பிடித்து ஆடலாம். அதற்கு ஈடான சந்தோஷம் ஒன்லைனில் கிடையாது. புதுக் கணினி இருந்தால் பிக் ஆண்ட் நிறுவனத்தின் 'கிரிக்கெட் 24' பாருங்கள்.

உதைபந்தாட்டம் என்றால், 1993 இல் தொடங்கிய ஃபிஃபா தொடர் 2023 இல் இருந்து 'ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.' என்ற பெயரில் வருகிறது. பந்தைத் தொடாமல் பயிற்சியாளராக இருந்து அணியை நடத்த விருப்பமா? 'ஃபுட்போல் மேனேஜர்' இருக்கிறது. பார்த்தால் உதைபந்தாட்டம், செய்யும் வேலையோ ஸ்ட்ராடஜி. கார் ஓட்டத்தில் 'நீட் ஃபோர் ஸ்பீட்' (1994) பரபரப்புக்கு, 'கிரான் டூரிஸ்மோ' (1997) நிஜமான ஓட்டத்துக்கு.

பஸில் கேமும் ஒரு வகையா?

ஆம், உலகத்தில் அதிகம் பேர் ஆடும் வகைகளில் ஒன்று. 1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்த 'டெட்ரிஸ்' இன்றுவரை நிற்கிறது. நாலு சதுரத்தை ஒட்டினால் ஏழு வடிவம்தான் வரும், அந்த ஏழை வைத்தே முழுக் கேமும். 'கேண்டி க்ரஷ்' (2012) ஆடும் ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்பவர்கள் எல்லாம் தாங்கள் 'கேம் ஆடுவதில்லை' என்பார்கள். ஆடுகிறார்கள்தான்.

மைன்கிராஃப்ட் எந்த வகை? ஜி.டி.ஏ.?

இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட முடியாது. மைன்கிராஃப்ட் சாண்ட்பொக்ஸ் வகை: என்ன செய்ய வேண்டும் என்று கேம் சொல்லாது. வெட்டலாம், கட்டலாம், இருட்டியதும் வரும் ஜந்துகளிடமிருந்து தப்பலாம். முழுப் பதிப்பு 2011 இல் வந்தது, 30 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது, வேறு எந்தக் கேமும் இவ்வளவு விற்றதில்லை. அதற்குள் ரெட்ஸ்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, கம்பி போல இழுத்து மின்சுற்றே கட்டலாம். தானாகத் திறக்கும் கதவில் தொடங்கும் பிள்ளை, கூட்டல் கழித்தல் செய்யும் கணிப்பான் வரை கட்டிவிடும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரே ஒரு கேம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ஜி.டி.ஏ. திறந்த உலக ஆக்‌ஷன். நகரம் முழுக்கத் திரியலாம் என்ற அமைப்பை 2001 இல் வந்த மூன்றாவது பாகம் நிலைநாட்டியது. அதே தொடரில் பிறகு வந்த வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் கொழும்பில் ஒரு தலைமுறையே ஆடியவை. ஆனால் அவை வளர்ந்தவர்களுக்கானவை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஜி.டி.ஏ. 5 கேட்டு வரும் தகப்பன்மாருக்கு நான் உறையில் இருக்கும் 18 என்ற எண்ணைக் காட்டுவேன்.

அந்த எண்களுக்கு என்ன பொருள்?

ஐரோப்பாவின் பெகி முறையில் 3, 7, 12, 16, 18 என்று ஐந்து. உள்ளடக்கம் எந்த வயதுக்குப் பொருந்தும் என்பதை அவை சொல்லும், கடினத்தைச் சொல்லாது. 3 என்று போட்ட உதைபந்தாட்டக் கேமை மூன்று வயதுப் பிள்ளையால் ஆட முடியாது. அமெரிக்க முறை 1994 இல் வந்தது. மோர்டல் கொம்பட்டின் இரத்தக் காட்சிகளைப் பற்றி அந்நாட்டு செனட் விசாரித்ததுதான் அதற்குத் தூண்டுதல். சுடும் கேம் என்றதும் பயப்படவும் வேண்டாம், கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று கண்ணை மூடி வாங்கவும் வேண்டாம். வகையைப் பார்த்துவிட்டு எண்ணையும் பாருங்கள்.

பயமுறுத்தும் கேமும் கதை கேமும்?

'ரெசிடண்ட் ஈவில்' (1996) ஹொரர் வகையைப் பரப்பியது. குண்டைக் குறைவாகக் கொடுத்து, ஓடுவதா சுடுவதா என்று தவிக்க விடுவதில் இருக்கிறது அதன் பயம். அட்வெஞ்சர் வகை 1970களில் வெறும் எழுத்தாகத் தொடங்கியது. குகைகளை ஆராய்வதில் ஆர்வமுள்ள வில் குரோத்தர் என்ற நிரலாளர் செய்த 'கொலோசல் கேவ்' அதற்கு முன்னோடி. துப்புத் துலக்குவது, ஆட்களோடு கதைப்பது, பூட்டைத் திறப்பது என்று பொறுமைக்கு வேலை கொடுக்கும் வகை.

லாக் அடிக்கிறது, நல்ல போன் வாங்கினால் சரியாகுமா?

பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் பிந்துவதைத்தான் லாக் என்கிறார்கள். எல்லாம் சரியாகாது. ஒன்லைன் கேமை நடத்தும் கணினி, அதாவது சேர்வர், பெரும்பாலும் சிங்கப்பூரில் இருக்கும். இங்கிருந்து ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். நேர்க்கோட்டில் போய்த் திரும்பினாலே 27 மில்லிசெக்கன். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் சாதனங்களும் உண்டு என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். எந்தப் போனாலும் இதைக் குறைக்க முடியாது. வீட்டுக்குள் வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறினால் ஏற்ற இறக்கம் குறையும், அதுவே பெரிய உதவி.

இங்கேயும் வகைதான் முக்கியம். ஃபைட்டிங் கேம் நொடிக்கு 60 சட்டகத்தில் ஓடும், அதாவது திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறும், ஒரு சட்டகம் 17 மில்லிசெக்கனுக்கும் குறைவு. அங்கே 27 என்பது கிட்டத்தட்ட இரண்டு சட்டகம், அடியைத் தடுப்பதா வாங்குவதா என்பதை அது தீர்மானிக்கும். முறைவைத்து ஆடும் கேமுக்கு ஒரு முழு நொடி பிந்தினாலும் ஒன்றும் ஆகாது.

இலவச கேம்தானே, எங்கே காசு போகிறது?

உடை, துப்பாக்கி வர்ணம், அதிர்ஷ்டப் பெட்டி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கட்டித் திறப்பது சூதாட்டம் என்று 2018 இல் பெல்ஜியம் முடிவெடுத்தது. என் கருத்தும் அதேதான். உங்கள் வங்கி அட்டையைப் பிள்ளையின் போனில் சேமித்து வைக்காதீர்கள். ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் கேம், 'இலவச' கேமைவிடக் கடைசியில் மலிவாக முடிவது அடிக்கடி நடக்கும்.

ஓ.எல். சோதனை வருகிறது. அடிமையாகிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் கேம் ஆடும் கோளாற்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். ஆனால் நிறைய நேரம் ஆடுவது மட்டும் அந்தக் கோளாறு ஆகாது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேமுக்கு முதலிடம், கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். படிப்பு, நித்திரை, நண்பர்கள், சாப்பாடு எல்லாம் சரிந்துகொண்டு போனால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படி இல்லையென்றால் முதலில் பிள்ளை ஆடும் வகையை மாற்றிப் பாருங்கள். சோதனை முடியும்வரை முடிவில்லாத ஒன்லைன் கேமை எடுத்துவிட்டு, சேமித்து நிறுத்தக்கூடிய ஒன்றை விடுங்கள். முற்றாகப் பிடுங்கினால் நண்பன் வீட்டில் போய் ஆடுவான், அது உங்கள் கண்ணில் படாது.

இதையே தொழிலாகச் செய்யலாமா?

போட்டி உண்டு. ஹாங்சோவில் 2023 இல் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் டோட்டா 2, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் உட்படப் பல கேம்களுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆனால் ஆடிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். கேமைச் செய்பவர்களுக்கு வேலை அதைவிட அதிகம்: நிரல் எழுதுவது, வரைவது, இசை, கதை. ஆசை இருந்தால் அந்தப் பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற அப்பா வீட்டில் சும்மா இருக்கிறார். அவருக்கு எது?

அவர் முன்பு என்ன விளையாடினார் என்று கேளுங்கள். கரம் என்றால் போனிலேயே கரம் இருக்கிறது, தாயம் என்றால் லூடோ, சீட்டு என்றால் சீட்டு. சதுரங்கம் தெரிந்தவர் என்றால் சிவிலைசேஷனுக்கு நேராகவே கூட்டிப் போகலாம். கண் பார்வை குறைவு என்றால் போனை விட்டு ரீவியில் இணைத்துக் கொடுங்கள். முதல் கிழமை பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டச் சொல்லுங்கள். ஒன்லைனில் தெரியாதவர்களோடு விடாமல், கணினியை எதிராளியாக வைத்து லேசான நிலையில் தொடங்குங்கள்.